துரு ஏறிய துவாய்கள்

நாலு நாளாகியும் அந்தச் சொல் இராஜகுமாரியின் காதை விட்டு இறங்கவில்லை.

"கிலிட்டி அத்."

அழுக்குக் கை என்று அர்த்தம். மேனேஜர் ரணவீர அதைச் சிங்களத்தில் சொன்னார். கொழும்பிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் பங்களா வராந்தாவில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரம். குளியலறைத் துவாய் ஒன்றை, செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தார். வெள்ளைத் துவாய். பிளேன்டீ கொட்டியதுபோல மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை.

"லயத்து ஆட்களிடம் வெள்ளைத் துணியைக் கொடுத்தால் இப்படித்தான். கிலிட்டி அத்."

சொல்லிவிட்டுத் துவாயை அவள் காலடியில் போட்டார். அவள் குனிந்து எடுத்தாள். அப்படிக் குனிந்ததை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு எரிந்தது.

நெலுகொல்ல தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது தங்கும் விடுதி. சண்டை நின்ற பிறகு சிங்கராஜக் காட்டைப் பார்க்கக் கலவானப் பக்கம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கம்பெனிக்காரர்கள் பங்களாவுக்கு வெள்ளையடித்து, ஆறு அறைக்குக் கட்டில் போட்டு, பதினெட்டு வெள்ளைத் துவாயும் வாங்கி வைத்தார்கள். அவற்றைத் துவைப்பவள் இராஜகுமாரி. பங்களாவுக்குத் தண்ணீர் ஏற்றுபவர் அவள் புருஷன் சுந்தரலிங்கம். மகள் தனுஷிகாவுக்கு முன் மேசையில் பதிவுப் புத்தகம் எழுதும் வேலை. மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ்ச் சம்பாதிக்கிறார்கள் என்று லயத்து வரிசை வீடுகளில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

வைகாசியில் பெருமழை வந்து மண் சரிந்தது. அதற்குப் பிறகுதான் துவாயில் கறை வரத் தொடங்கியது. இராஜகுமாரி சோப்பை மாற்றிப் பார்த்தாள். ப்ளீச்சிங் பவுடரை ஒரு கரண்டி போட்ட இடத்தில் இரண்டு போட்டாள். மேனேஜர் மூன்று போடச் சொன்னார். போடப் போடக் கறை கறுத்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் துவாய் வெளுக்காவிட்டால் இரத்தினபுரியிலிருந்து லாண்டரிக்காரனை வைத்துக்கொள்வேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. போகும்போது அந்தப் பேரையும் தூக்கிக்கொண்டு போகவேண்டுமே!

அந்தச் சனிக்கிழமை விடிந்தது.

முந்தின நாள் மாலை, ஒரு துவாயை யாருக்கும் தெரியாமல் குடைக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பிலிங்காயை நசுக்கி அதன் புளிச்சாற்றில் ஊறவைத்து, லயத்துப் பொதுக் குழாயான பீலியில் அலசினாள். அது புது வித்தை இல்லை. புருஷனின் பனியனில் ஏறும் துருக்கறையை அவள் எடுப்பதே அப்படித்தான். பங்களாவிலும் செய்து பார்த்திருந்தாள். அங்கே சாற்றுக்குக் கறை போகும். கடைசி அலசலில் பவுடர் போட்டதும் விட்ட இடத்துக்கே திரும்பி வரும்.

வீட்டிலும் அதே பவுடரைத்தான் போட்டாள். இராத்திரி முழுக்க அடுப்பு மேல் கொடியில் கிடந்த துவாயை வாசலுக்குக் கொண்டுவந்து விரித்தாள்.

கடையில் பிரித்த அன்றைக்கு இருந்த வெள்ளை.

இராஜகுமாரி அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். அதே கை. அதே சோப்பு. அதே பவுடர். மாறியது தண்ணீர் ஒன்றுதான்.

ஆனால் பங்களாவுக்கு வருவது மலை ஊற்றுத் தண்ணீர் அல்லவா? அதைவிட நல்ல தண்ணீர் லயத்துக்கு எங்கிருந்து வந்தது? மண் சரிந்து லயத்துத் தண்ணீர்த் தொட்டி புதைந்தபோது, பாறை ஓடையிலிருந்து குழாய் போட்டிருக்கிறது என்று சுந்தரலிங்கம் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

அவள் அரிவாளை எடுத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மலை ஏறினாள்.

ஊற்றுத் தொட்டிக்குக் கீழே, பங்களாவுக்குப் போகும் இரும்புக் குழாயின் வால்வு இறுக மூடியிருந்தது. அதற்கு மேல்பக்கத்தில் குழாயை வெட்டி, ஒரு கறுப்பு ஹோஸை மாட்டியிருந்தார்கள். மேலே கெக்கில்ல என்ற பெரணி இலைகளை வெட்டிப் போட்டு மறைத்திருந்தது. ஹோஸ் நேராக லயத்தைப் பார்த்து இறங்கியது. பொருத்திய இடம் ஒழுகாமல் இருக்கத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

நீலத் துணி. வெள்ளைப் புள்ளி.

அவளுடைய நைலெக்ஸ் சேலை. மழையில் கிழிந்துபோனது என்று புருஷனிடம் கொடுத்தது. முடிச்சும் அவர் போடும் முடிச்சுத்தான்.

தொங்கிய நுனியை அரிவாளால் அறுத்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். கால் வழுக்கியது. முட்டி சிராய்த்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சுந்தரலிங்கம் பழைய குழாய்க் கிணற்றுப் பக்கத்துப் பம்ப் அறையில் மோட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் துணித் துண்டை அவர் கைக்கு முன்னால் எறிந்தாள்.

"இது எங்க கெடந்துச்சுன்னு தெரியுமா?"

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"குமாரி, மெதுவாப் பேசு. மேனேஜர் மஹத்தயா எழும்பிருவாரு."

"எழும்பட்டும். ஊத்துத் தண்ணி அம்புட்டும் லயத்துக்குப் போவுது. பங்களாவுக்கு நீங்க ஏத்துறது குழாக்கெணத்துத் தண்ணி. பாக்கத்தான் பளிங்கு, உள்ள பூராவும் துரு. நான் சொல்றது சரியா, இல்லையா?"

"சரிதான்."

"எத்தன நாளா?"

"வைகாசிலருந்து."

"நாலு மாசம்!" அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு மாசமா அந்தத் தண்ணியில கெடந்து தேய்க்கிறேன். கையில தோலு உரிஞ்சிருக்கு, பாத்தீங்களா?"

சுந்தரலிங்கம் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தார். "வேற என்ன செய்யச் சொல்ற? டேங்கு பொதஞ்சு போச்சு. ஆபீஸுக்கு மூணு தரம் எழுதிக் குடுத்தோம், ஒருத்தன் எட்டிப் பாக்கல. சனமெல்லாம் ஆத்துத் தண்ணியக் குடிச்சுச்சு. மருதாயி அக்கா பேத்தி வயித்தால போயி சாவக் கெடந்தத நீயும்தானே பாத்த? முப்பத்தாறு வீடு குமாரி. இங்க அந்தத் தண்ணியில வாற ஆளுங்க காலு கழுவுறாங்க. நான் திருப்பிவுட்டேன்."

"திருப்பினது தப்புன்னு நான் சொன்னேனா?"

அவர் நிமிர்ந்தார்.

"அதுக்கு நானே ஒங்களுக்கு ஹோஸத் தூக்கிக் குடுத்திருப்பேன். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒனக்குத் தெரிஞ்சா மொகத்துல தெரிஞ்சிரும். மூணு பேருக்கும் வேலை போயிரும்."

"மொகமா? அன்னைக்கி வராந்தாவுல எம் மொகம் எப்பிடி இருந்துச்சுன்னு பாத்தீங்களா? ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நீங்க அங்கதான நின்னீங்க. அழுக்குக் கைன்னு அந்தாளு சொல்றான். கறை எதுனால வருதுன்னு அந்த எடத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. ஒரு வார்த்த பேசுனீங்களா?"

சுந்தரலிங்கம் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார்.

"பயத்துல நிக்கிறாரு, பாவம்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து ஒங்களுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன்! அதையும் கேட்டுக்கிட்டு சோறு தின்னீங்களே!"

வாசலில் நிழல் விழுந்தது. தனுஷிகா. வேலைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தில் இல்லாதது ஆச்சரியம் ஒன்றுதான்.

இராஜகுமாரிக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஒனக்கும் தெரியுமா?"

"அம்மா... ஹோஸ் புடிக்க ஆளு வேணும்னு அப்பாதான்..."

கை தானாக ஓங்கியது. பத்தொன்பது வயதுப் பிள்ளை. இராஜகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினாள்.

"சரி. அப்பனும் மகளும் சேந்து லயத்தக் காப்பாத்தினீங்க. காப்பாத்துறதுக்கு ஒரு ஆளு பலி வேணும். அதுக்கு நான்."

"இப்ப என்ன செய்யப் போற?" சுந்தரலிங்கம் கேட்டார். "சொல்லப் போறியா?"

"எம் பேர நானே கழுவிக்கிறேன். ஒங்க ஹோஸப் பத்தி என் வாயால வராது. ஆனா ஒங்களுக்காகப் பொய்யும் வராது."

மேனேஜர் ரணவீர எட்டு மணிக்கு வராந்தாவில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார். இராஜகுமாரி இரண்டு வெள்ளை வாளிகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் டக்கென்று வைத்தாள். சமையல்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. சிங்களத்திலேயே பேசினாள்.

"மஹத்தயா, இது இராத்திரி கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீர். இது பங்களாக் குழாய்த் தண்ணீர். இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?"

"காலையிலேயே என்ன கூத்து இது?"

"பாருங்கள்."

இரண்டு வாளியிலும் ஒவ்வொரு கரண்டி ப்ளீச்சிங் பவுடரைப் போட்டாள். இரண்டிலும் தன் கையை முழங்கைவரை விட்டுக் கலக்கினாள். பிறகு தள்ளி நின்றாள்.

மழைத் தண்ணீர் சற்றுக் கலங்கியது. அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சளித்தது. மேனேஜர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள், அதில் இருந்த தேத்தண்ணீரின் நிறமும் வாளியின் நிறமும் ஒன்றாகிவிட்டன.

"என் கை இரண்டிலும்தான் போனது, மஹத்தயா. அழுக்கு எந்த வாளியில்?"

ரணவீர கோப்பையைக் கீழே வைத்தார்.

"துரு இருக்கிற தண்ணீரில் இந்தப் பவுடரைப் போட்டால் துரு அத்தனையும் துணியில் ஏறும். நீங்கள் மூன்று கரண்டி போடச் சொன்னீர்கள். போட்டேன். இனிமேல் துவாய்க்குப் பவுடர் கூடாது. இந்தத் தண்ணீரைத் திறந்த தொட்டியில் ஒரு நாள் நிறுத்தினால் துரு அடியில் இறங்கும். மேல் தண்ணீரை மணலும் கரியும் போட்டு வடித்துத்தான் துணிக்கு எடுக்கவேண்டும். அறைகளில் துவாய் போடுகிற இரும்புக் கம்பியும் துருப்பிடித்திருக்கிறது. ஈரத் துவாயை அதில் போட்டால் கோடு கோடாக விழும். கம்பியை எடுத்துவிட்டு மரம் அடியுங்கள். இதையெல்லாம் என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே தேடிப் பிடித்துச் சொல்லியிருப்பேன்."

மேனேஜரின் கண் வாளியை விட்டு மெல்ல நகர்ந்தது. அவர் முட்டாள் இல்லை.

"ஊற்றுத் தண்ணீரில் ஏது துரு?"

இராஜகுமாரி கையிலிருந்த தண்ணீரை உதறினாள்.

"கேட்கிறேன். எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர்?"

"அதைத் தண்ணீர் ஏற்றுகிறவரைக் கேளுங்கள்."

"சுந்தரலிங்கம்!"

அவர் தூரத்தில் இல்லை. வராந்தாப் படிக்குக் கீழேதான் நின்றார். ஒரு முறை மனைவியைப் பார்த்தார். அவள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி புதைந்தது, ஊற்றைத் திருப்பியது, நாலு மாதம், முப்பத்தாறு வீடு. மகள் ஹோஸ் பிடித்ததை மட்டும் விட்டுவிட்டார்.

ரணவீர நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "திருடன்! இப்போதே போய்த் திருப்பு. திங்கட்கிழமை கொழும்பு ஆபீசுக்கு எழுதுகிறேன். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகலாம், மூன்று பேரும்."

"திருப்பட்டும்," என்றாள் இராஜகுமாரி. "நாலு மணிக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அறையில் ஒரு துவாய்கூட இல்லை. லாண்டரிக்காரன் வருகிறானா?"

தனுஷிகா முன் மேசையிலிருந்து சொன்னாள். "நேற்றே போன் வந்தது, மஹத்தயா. திங்கட்கிழமைதான் லாண்டரி வான் வருமாம்."

அது உண்மையா, அந்த நிமிடத்தில் பிறந்ததா என்று இராஜகுமாரிக்குத் தெரியவில்லை. மகளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"பதினெட்டும் மூன்று மணிக்கு வெள்ளையாக அறையில் இருக்கும்," என்றாள். "மழைத் தண்ணீரில் துவைக்கிறேன். ஆனால் தோட்டம் வேறு தண்ணீர் கொடுக்கிறவரைக்கும் லயத்துக் குழாயில் யாரும் கை வைக்கக்கூடாது. அன்றைக்குச் சொன்ன சொல்லையும் நீங்கள் திருப்பி எடுக்கவேண்டும்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சமையல்காரரைப் பார்த்தார். "சரி சரி, தண்ணீர் இருக்கட்டும். முதலில் துவாயைப் பார்."

சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

துவைக்கும் கொட்டகையின் கூரை ஓரத்தில் இரண்டு பீப்பாய் நிறைய மழைத் தண்ணீர் நின்றது. இராஜகுமாரி பிலிங்காயைக் கூடை கூடையாக நசுக்கினாள். சாற்றை வெந்நீரில் கலந்து துவாய்களை முக்கினாள். கையில் உரிந்த இடமெல்லாம் புளி பட்டு எரிந்தது. எரியட்டும் என்று தேய்த்தாள். அன்றைக்கு அந்தத் துணிகள் பட்ட அடி கொஞ்சமில்லை. கல்லில் ஓங்கி அறைந்த ஒவ்வொரு அறையும் யாருக்கு என்று அவளுக்குத்தான் தெரியும்.

சுந்தரலிங்கம் வந்து ஒரு துவாயின் மறுமுனையைப் பிடித்தார், முறுக்கிப் பிழிய.

"தள்ளி நில்லுங்க."

"தனியாப் பிழிய ஏலாது குமாரி."

"நாலு மாசம் தனியாத்தான பிழிஞ்சேன்?"

அவர் முனையை விட்டார். "அம்புட்டு சனத்தையும் காப்பாத்திட்ட. இன்னுமா கோவம்?" என்றார்.

"துவாயத்தான் வெளுத்தேன். ஒங்கள இல்ல."

நல்லவேளையாக வெயில் அடித்தது. இரண்டே முக்காலுக்குப் பதினெட்டுத் துவாயும் மடிப்புக் கலையாமல் ஆறு அறையிலும் இருந்தன. இரும்புக் கம்பிகளில் போடாமல் நாற்காலிகளின் மேல் வைத்தாள். மேனேஜர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு குறையும் கிடைக்காதது அவர் முகத்தில் தெரிந்தது.

நாலு மணிக்கு வந்தவர்கள் பையைப் போட்டுவிட்டு, பறவை பார்க்கக் காட்டோரம் போனார்கள். ஐந்தரைக்குச் சேறும் அட்டைக்கடியுமாகத் திரும்பினார்கள். குளிப்பதற்கு முன் ஒரு தேத்தண்ணீர் என்று பின்பக்கப் புல்தரையில் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் கீழே லயத்துப் பக்கம் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு பெண்களின் கூச்சல். கொஞ்ச நேரத்தில் மருதாயி, காலிக் குடத்தை இடுப்பில் இடுக்கியபடி மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"ஏடி குமாரி, பீலி நின்னுபோச்சு. ஒரு சொட்டு இல்ல. புள்ளைக்கிக் கஞ்சி வைக்கத் தண்ணி இல்ல!"

இராஜகுமாரி புருஷன் பக்கம் திரும்பினாள். காலைக்குப் பிறகு பார்க்காத முகத்தை இப்போது நேராகப் பார்த்தாள்.

"நான் தொடல," என்றார் சுந்தரலிங்கம். "மத்தியானமே வால்வுச் சாவிய மஹத்தயா வாங்கிக்கிட்டாரு. பத்திரமா இருக்கட்டும்னு..."

"குடுத்தீங்களா?"

"கேட்டாரு... குடுத்துட்டேன்."

அவள் வராந்தாவுக்குப் போனாள். ரணவீர பதிவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மஹத்தயா, சரியென்று சொன்னீர்களே."

"துவாய் வெளுத்துவிட்டது. நல்ல வேலை. ஆள் அனுப்பி மேலே குழாயையும் திருப்பியாகிவிட்டது." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "இனி ஊற்றுத் தண்ணீரிலேயே துவை. கறையும் வராது. உனக்கும் நல்லதுதானே?"

கோபம் உச்சிக்கு ஏறினால் இராஜகுமாரிக்குக் குரல் வராது, கால்தான் நடக்கும். முதல் அறைக்குப் போய் நாற்காலியிலிருந்த மூன்று துவாயையும் எடுத்தாள். இரண்டாவது அறை. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது அறையை விட்டு வரும்போது அடுக்கு தாடையைத் தொட்டது.

"என்ன செய்கிறாய்?" ரணவீர எழுந்து வந்தார். "வை அதை! தனுஷிகா, உன் அம்மாவை நிறுத்து!"

தனுஷிகா மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். மேனேஜரைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆறாவது அறைக்குள் போய்க் கடைசி மூன்று துவாயோடு வெளியே வந்தாள்.

"நடங்கம்மா," என்றாள்.

தாயும் மகளும் படியிறங்கித் தேயிலைக்கு நடுவே போகும் லயத்து ரோட்டில் நடந்தார்கள். மருதாயி ஒன்றும் புரியாமல் குடத்தோடு பின்னால் ஓடி வந்தாள்.

"இத எங்கடி கொண்டு போற?"

"வீட்டுக்கு. பீலியில தண்ணி வர்ற வரைக்கும் பங்களாவுல ஒரு ஆளு தலை தொவட்ட மாட்டாங்க."

மேலே யாரோ இங்கிலீசில் கூப்பிட்டார்கள். அதைத் தொடர்ந்து மேனேஜரின் ஜீப் உறுமியது. முகப்பு விளக்குகள் தேயிலைச் செடிகளின் மேல் அடித்துக்கொண்டு வளைவைத் திரும்பி இறங்கின.

இராஜகுமாரி திரும்பிப் பார்த்தாள். சுந்தரலிங்கம் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். விளக்கு வெளிச்சம் முதுகில் விழுந்ததும் வழக்கம்போல ஓரத்துக்கு ஒதுங்கினார்.

பிறகு என்ன நினைத்தாரோ, ரோட்டோரக் கான் வாய்க்காலிலிருந்து ஏறி, ரோட்டின் நடுவுக்கு வந்து, ஜீப்பைப் பார்த்துத் திரும்பி நின்றார்.